சம்பந்திகள் எண்ணிய பருந்துகள்

தெற்குக் குன்று
மார்ச் 4

வடக்குக் குன்றின் டிரைவிங் ஸ்கூல் அம்மையாருக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம், எழுதச் சொன்னால் கை வலித்தாவது நிறுத்துவோம் என்று உங்கள் மகன்தான் யோசனை சொன்னானாம். என் வீட்டுக்காரி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பேனாவையும் தாளையும் கொண்டுவந்து மாவு பிசைகிற பலகை மேல் வைத்துவிட்டாள். கடிதம் எங்கள் ரொட்டி வேனில் வரும். உங்கள் ஊர்க் கடைகளுக்குத் தினமும் பன் போட வருகிற டிரைவரிடமே பதிலையும் கொடுத்தனுப்பலாம்.

முதலில் கேக் விஷயம். பேச்சு முடிவதற்குள் நான் கேக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது சரியில்லை என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். பிள்ளைகளின் கல்யாணத்துக்கு நாள் பார்க்கக் கூடியிருக்கிற இடத்தில், பெண்ணைப் பெற்றவனைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில், "உங்களுக்கு எண்ணத் தெரியாது" என்று ஒருவர் சொன்னால் எந்த மனுஷன் கேக்கை விட்டுவிட்டு வருவான்? மூன்று அடுக்குக் கேக் அது. அத்தனையும் என் கையால் செய்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பெரிய மலை. வசந்தத்தில் வடக்கே போகிற பருந்துகளுக்கு நடுவில் இருக்கிற இந்த வழியை விட்டால் வேறு வழி கிடையாது. இன்றைக்கு என் குன்றைத் தாண்டுகிற பருந்து நாளைக்கு உங்கள் குன்றைத் தாண்டும். போன வசந்தத்தில் பறவைக் கணக்கெடுப்புக்காக என் குன்றில் நாங்கள் எண்ணியது ஒன்பதாயிரத்துச் சொச்சம். நீங்கள் எண்ணியதாகச் சொல்வது பதினாலாயிரம். நடுவில் ஒரு ராத்திரி தங்கியதில் ஐயாயிரம் குஞ்சு பொரித்துக் கூட்டிக்கொண்டு வந்தனவா? யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்?

உங்கள் வீட்டில் இனிக் கால் வைக்கமாட்டேன் என்று நான் சொன்னதும் என் மகள் என்ன செய்தாள் என்று உங்களுக்கே தெரியும். "எங்கப்பா கால் வைக்காத வீட்டுக்கு நான் வாழப் போகமாட்டேன்" என்று எழுந்து போனவள்தான். நர்ஸ் வேலை பார்க்கிற உங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் விடுதியிலேயே தங்கிவிட்டாள். என்னிடம் பேச்சே இல்லை. மாதக் கடைசிக்குள் இது முடிவுக்கு வராவிட்டால், எங்கேயோ தூரத்து ஊருக்கு மாற்றல் தருகிறார்களாம், அதற்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தனியாகப் போய்விடுவாளாம். வேன் டிரைவர் அவளைப் பார்க்கிறார். நன்றாகத்தான் இருக்கிறாள் என்கிறார். எனக்கு அது போதவில்லை.

ஆகவே எண்ணிக்கையைத் திருத்தி ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மறுநாளே உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
பேக்கரிக்காரன்


வடக்குக் குன்று
மார்ச் 6

பேக்கரிக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. மாவு கொட்டியது. துடைத்துவிட்டுப் படித்தேன்.

திருத்த மாட்டேன்.

இருபது வருஷமாக வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறேன். இடித்துவிட்டு வந்து நிற்கிறவர்கள் யாரும் "நான் பார்க்கவில்லை" என்று சொன்னதே கிடையாது. "அங்கே ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அதையேதான் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள்.

நாங்கள் எப்படி எண்ணுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பருந்துக் கூட்டம் சூடான காற்றைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும்போது ஒன்றைக்கூட எண்ண மாட்டோம். அது ரவுண்டானாவில் வண்டியை எண்ணுகிற மாதிரி, போனதே திரும்ப வரும். உச்சிக்குப் போய், அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே வழுக்கிக்கொண்டு கிளம்பும்போதுதான் கையில் இருக்கிற எண்ணும் கருவியை, அந்தக் கிளிக்கரை, ஒன்றுக்கு ஒரு தடவை அழுத்துவோம். இரண்டு பேர் ஒரே பக்கம் பார்ப்போம். இருவர் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் எது குறைவோ அதை எழுதுவோம். இதில் எங்கே ஐயாயிரத்தைச் சேர்க்க முடியும்?

பருவம் முழுக்க ஒரு நாளும் நான் விட்டதில்லை. காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களைப் பற்றியும் அப்படித்தான் கேள்வி. பேக்கரிக் கூரை காற்றில் பிய்த்துக்கொண்டு போன அன்றைக்கும் நீங்கள் குன்றில்தான் இருந்தீர்களாம். அதனால்தான் எனக்கு ஆத்திரம். சோம்பேறி ஒருவர் குறைவாக எண்ணினால் போகிறது என்று விட்டிருப்பேன்.

என் மகனைப் பற்றியும் சொல்கிறேன். அவன் எலக்ட்ரீஷியன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மகள் அவன் போனையும் எடுப்பதில்லை. ஒழுங்காக இருந்த சுவிட்ச் போர்டுகளை எல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறான். இப்போது ஹால் விளக்குக்கு சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது. குளியலறையில் எதைத் தொடவும் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு வழி இருக்கிறது. நீங்கள் ஒரு வாரம் இங்கே வந்து என் குன்றில் உட்காருங்கள். நான் அங்கே வந்து உங்கள் குன்றில் உட்காருகிறேன். தப்பு எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்த்துவிடலாம். இங்கே மகன் இருக்கிறான், தங்க இடம் இருக்கிறது. தைரியம் இருந்தால் வாருங்கள்.

டிரைவிங் ஸ்கூல்


தெற்குக் குன்று
மார்ச் 9

டிரைவிங் ஸ்கூல் அம்மாவுக்கு,

தைரியத்தைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள். ஆறு அடுப்புக்கு நடுவில் நிற்கிறவன் நான். பதினோராம் தேதி காலை வேனில் வருகிறேன். அதே வேன் உங்களை இங்கே கொண்டுவந்து விடும். உங்கள் வரவு தெரிந்ததிலிருந்து என் வீட்டுக்காரிக்குக் கால் தரையில் இல்லை. திரைச்சீலையைத் துவைக்கிறாள், மெத்தையை வெயிலில் போடுகிறாள். யார் பக்கம் நிற்கிறாள் என்றே தெரியவில்லை.

எங்கள் குன்றைப் பற்றிச் சில விஷயங்கள். ஏறுகிற வழியில் கைப்பிடிக் கம்பி ஓர் இடத்தில் ஆடும், அதை நம்ப வேண்டாம். பால்காரரும் தையல்காரரும் உங்களோடு இருப்பார்கள். பால்காரர் தங்கமானவர், நான் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. தையல்காரருக்குத் தூரத்துப் பார்வை அபாரம், கிட்டே இருக்கிற ஆளைத்தான் தெரியாது. உங்களை என் வீட்டுக்காரி என்று நினைத்து "என்ன அண்ணி, பால்காரர் ஃபிளாஸ்க்ல டீ இருக்கு, ஊத்தவா?" என்பார். கோபித்துக்கொள்ளாமல் வாங்கிக் குடியுங்கள்.

மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை எண்ண வேண்டிய வேலை இல்லை. வெயில் ஏறிவிட்டால் பருந்துகள் எங்கேயாவது மரத்தில் உட்கார்ந்து ஓய்வெடுக்கும். இது எங்கள் குன்றின் பல வருஷ அனுபவம். எங்கள் ஆட்களும் அந்த நேரத்தில் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்வார்கள். தயவுசெய்து யாரையும் எழுப்ப வேண்டாம்.

உங்கள் குன்றில் நான் எதைத் தேடப்போகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த ஐயாயிரத்தை. கண்டுபிடிக்காமல் திரும்ப மாட்டேன்.

இப்படிக்கு,
பேக்கரிக்காரன்


தெற்குக் குன்று
மார்ச் 14

பேக்கரிக்காரருக்கு,

உங்கள் வீட்டுக்காரி நல்லவர். நான் வேனிலிருந்து இறங்கியதும் "வாங்க சம்பந்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் வேனின் டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்று சொன்னேன். உண்மையாகவே குறைவாகத்தான் இருந்தது.

குன்றுக்கு வருகிறேன். உங்கள் ஆட்கள் காலையில் எண்ணும் முறையில் குறை ஒன்றும் இல்லை. தேடினேன். கிடைக்கவில்லை. எங்களைப் போலவே சுழலில் எண்ணாமல், கிளம்பும்போதுதான் எண்ணுகிறார்கள். எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

பிறகு மதியம் வந்தது. பால்காரர் தொப்பியை எடுத்து முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். தையல்காரர் ஒரு சால்வையை உதறி, அளவெடுத்தது போல விரித்தார். சற்று நேரத்தில் குன்று முழுக்கக் குறட்டை. எனக்குப் பகலில் தூக்கம் வராது. உட்காரலாம் என்றால் பெஞ்சிலும் ஆள் நீட்டிக்கொண்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் பாறை மேல் மல்லாந்து படுத்தேன். ஒரு மேகம் கிடையாது, வெறும் நீலம். பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்துத் துடைத்தேன். தூசி போகவில்லை. ஆனால் நகர்ந்தது. எல்லாத் தூசியும் ஒரே பக்கமாக, வடக்கே நகர்ந்தது. பைனாகுலரை நேரே மேலே தூக்கினேன்.

சம்பந்தி, எல்லாம் உங்கள் தலைக்கு நேர் மேலே போகின்றன. பன்னின் மேல் எள் தூவின மாதிரி அத்தனை சின்னதாக, அத்தனை உயரத்தில். வெயில் ஏற ஏறக் காற்று அவற்றை வெறும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத உயரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. எங்கள் பக்கம் மலைக்காற்று அடித்து அவற்றைத் தாழ்வாகவே வைத்திருக்கும், அதனால் எனக்கும் இது தெரியாது. இங்கே காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வருவதை நீங்கள் எண்ணிவிடுகிறீர்கள். நடுப்பகலில் போவதை ஒருவரும் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் மல்லாந்துதான் படுத்திருக்கிறீர்கள். கண்ணைத் திறந்திருந்தால் போதும்.

உடனே எழுதவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் படுத்துப் பார்த்தேன். காலையில் போகிற அளவுக்கு மதியத்திலும் போகின்றன.

பால்காரரை எழுப்பி, பருந்து மதியத்தில் ஓய்வெடுக்கும் என்று யார் சொன்னது என்று கேட்டேன். "யாரும் சொல்லலீங்க. அண்ணன் அந்த நேரத்துல தூங்குவாரு. அண்ணன் தூங்கறப்ப பருந்து எப்படிங்க வரும்?" என்றார். உங்கள் வீட்டுக்காரியிடம் கேட்டேன். "விடியறதுக்கு முன்னாடியே எழுந்து அடுப்பு மூட்டுற மனுஷன். மத்தியானம் கொஞ்சம் சாயலைன்னா சாயங்காலம் கடைக்கு வர்றவங்க மேலெல்லாம் எரிஞ்சு விழுவாரு. நான்தான் அங்கேயே படுங்கன்னு சொல்லி அனுப்பினேன்" என்றார். ஆக, அது பருந்தின் ஓய்வு நேரம் இல்லை. உங்கள் பேக்கரியின் ஓய்வு நேரம். அதை நீங்களும் நம்பி, ஊரையும் நம்ப வைத்துவிட்டீர்கள்.

இதை உங்கள் மூக்கை உடைப்பதற்காக எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

டிரைவிங் ஸ்கூல்


வடக்குக் குன்று
மார்ச் 15, காலை

டிரைவிங் ஸ்கூல் அம்மாவுக்கு,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

சாயங்காலம் உங்கள் குன்றைத் தாண்டிப் போகிற பருந்துகளில் சில, இருட்டுவதற்குள் அடைய வேறு மரம் கிடைக்காமல் திரும்பி வந்து குன்றுக்குப் பின்னால் இருக்கிற தோப்பில் அடைகின்றன. காலையில் எழுந்து மறுபடி தாண்டுகின்றன. உங்கள் ஆட்கள் மறுபடி கிளிக்கரை அழுத்துகிறார்கள். இடது சிறகில் இறகு உதிர்ந்த ஒன்றை நேற்று சாயங்காலமும் பார்த்தேன், இன்று காலையும் பார்த்தேன். உங்கள் கணக்கில் அது இரண்டு பருந்து. நேற்று மட்டும் இப்படித் திரும்பியவை பதினாறு. பதினாறுதானே என்று சிரிக்காதீர்கள். தப்பு தப்புதான். மீதியையும் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

அதே நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு

சம்பந்தி,

மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மத்தியானம் வேனில் உங்கள் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். அப்புறம் உங்கள் மகனிடம் நானே படித்துக் காட்டினேன். பாவம், சிரிக்கக் கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு ஸ்குரூவை முடுக்கினான். முதுகு மட்டும் குலுங்கியது.

ஐயாயிரமும் என் குறட்டைக்கு மேலே போயிருக்கின்றன. எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். உங்கள் கணக்குதான் சரி, அந்தப் பதினாறைத் தவிர.

அதைவிடப் பெரிய விஷயம் சாயங்காலம் நடந்தது. பிள்ளை பசியோடு இருக்கிறானே என்று உங்கள் அடுக்களையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். (உங்கள் அடுப்பு இடது பக்கம் கருக்குகிறது.) கதவு தட்டுகிற சத்தம். வண்டி கற்க வந்த யாரோ என்று நினைத்து, "அம்மா ஊர்ல இல்லீங்க, அடுத்த வாரம் வாங்க" என்று குரல் கொடுத்தேன். போகிற சத்தம் இல்லை. மாவுக் கையோடு போய்த் திறந்தால் என் மகள் நிற்கிறாள். மாற்றலுக்குச் சம்மதம் எழுதிய தாள் கையில் இருந்தது. அதைக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் மகனிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள்.

"நீங்க இங்க என்னப்பா பண்றீங்க?" என்றாள்.

"பருந்து எண்ண வந்தேன்மா."

"எத்தனை நாளா?"

"நாலு நாளா."

"எங்க தங்கியிருக்கீங்க?"

"இங்கதான். மாப்பிள்ளை ரூம்ல."

மாப்பிள்ளை என்று வாயில் தானாக வந்துவிட்டது. அவள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் தாங்கவில்லை, மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உங்கள் மகன் பதறிப்போய் விளக்கைப் போடப் போனான், விசிறி சுற்றியது. அந்தத் தாள் பறந்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது. மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

யோசித்துப் பாருங்கள். அவள் கேட்டதெல்லாம் இந்த வீட்டில் நான் கால் வைக்க வேண்டும் என்பதுதான். நாலு நாளாக இங்கேயே சாப்பிட்டு இங்கேயே தூங்கிக்கொண்டிருக்கிறேன். எண்ணிக்கை வெறியில் அது என் புத்திக்கு எட்டவே இல்லை. டிரைவருக்குப் போன் போட்டு ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "பன் மட்டும்தாங்க என் பொறுப்பு" என்கிறார்.

இப்போது ஒன்றே ஒன்று பாக்கி. தாளை எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். மாதக் கடைசிக்குள்ளேயே கல்யாணத் தேதி வைத்தால்தான் கிழிப்பாளாம். நம் இருவரையும் நன்றாகத் தெரிந்தவள். பதிவு அலுவலகத்துக்கு உடனே போன் போட்டு விசாரித்தார்கள். மாதக் கடைசிக்குள் ஒரே ஒரு நாள்தான் காலியாம், இருபத்தாறாம் தேதி, அதுவும் நடுப்பகலில். அது எப்பேர்ப்பட்ட நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பருவத்தின் உச்சம். வருஷத்துக் கூட்டத்தில் பெரிய பங்கு அந்த வாரத்தில்தான் போகும். அதைக் கேட்டதும் உங்கள் மகன் என் முகத்தைப் பார்த்தான், என் மகள் தரையைப் பார்த்தாள். நான் "சரி" என்று சொல்லிவிட்டேன். ஆனால் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் ஆகிவிட்டது, அதை அவள் கவனித்துவிட்டாள். உங்கள் பதில் தெரிகிறவரை அவளுக்கு நிம்மதி இல்லை. எனக்கும்தான்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருக்கும் பேக்கரிக்காரன்


தெற்குக் குன்று
மார்ச் 17

சம்பந்திக்கு,

வேன் கிளம்பக் காத்திருக்கிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

பதினாறு விஷயம் சரி. சாயங்காலம் திரும்பி வருகிறவற்றைக் கழித்துவிடச் சொல்லி என் ஆட்களிடம் சொல்லுங்கள். இதற்கு மேல் என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அடுப்பு இடது பக்கம் கருக்குவது எனக்குத் தெரியும். ரொட்டியை நடுவில் திருப்பிப் போட வேண்டும்.

இங்கே இப்போது மதியத்தில் யாரும் தூங்குவதில்லை. எல்லோரும் வரிசையாக மல்லாந்து படுத்துக் கிளிக்கரும் கையுமாக இருக்கிறோம். தையல்காரர் தூரப் பார்வையில் எங்கள் எல்லோரையும் தோற்கடிக்கிறார். பால்காரர்தான் வருத்தமாக இருக்கிறார். "அண்ணனுக்குத் தெரியாம இத்தனை பருந்து போயிருக்கே" என்று நேற்றிலிருந்து புலம்புகிறார். நீங்கள் வந்துதான் தேற்ற வேண்டும்.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்ததும் நானும் முதலில் பருந்துகளைத்தான் நினைத்தேன். மறைப்பானேன். யாரையாவது குன்றில் உட்கார வைத்துவிட்டுப் போகலாமா என்று பார்த்தேன். பால்காரரிடம் கேட்டேன். "நம்ம பாப்பா கல்யாணத்துக்கு நான் இல்லாமலா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தையல்காரர் மாப்பிள்ளைக்குக் கோட் தைக்க இப்போதே அளவு கேட்கிறார். அங்கே என் ஆட்கள் எல்லோரும் என்னிடம் வண்டி கற்றவர்கள். அவர்களைக் கூப்பிடாமல் என் மகனுக்குக் கல்யாணம் செய்ய முடியாது. எப்படிப் பார்த்தாலும் அன்றைக்கு இரண்டு குன்றும் காலி. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

மதியம் பாறை மேல் படுத்து யோசித்தேன். நாம் எண்ணுகிறோமா இல்லையா என்பது பருந்துகளுக்குத் தெரியாது. நாம் யோசிக்கிறோமா என்பது உங்கள் மகளுக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் மேற்கொண்டு யோசிக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரியிடம் சரி என்று சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டதில் மூக்குக் கண்ணாடி வளைந்துவிட்டது. இருபத்தாறாம் தேதியே நடக்கட்டும். இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு உங்கள் மகள் கையில் கொடுங்கள். அந்தத் தாளை அவள் கிழிக்கிறாளா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். என் மகனிடம், அவள் வருவதற்குள் சுவிட்சுகளை எல்லாம் ஒழுங்காக மாட்டச் சொல்லுங்கள்.

வருஷக் கடைசியில் பறவைக் கணக்கெடுப்புக்காரர்கள் இரண்டு குன்றின் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களே, அப்போது அந்த ஒரு நாள் வெறுமையாக இருந்தால் ஏன் என்று கேட்பார்கள், அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தையல்காரர் கவலைப்பட்டார். இரண்டு குன்றுக்கும் ஒரே வரிதான். "வீட்டில் கல்யாணம்" என்று எழுதச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி